சத்தமே வரவில்லை

நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கம்பெனி. அதன் புகார்ப் பிரிவுக்குத் தலைவி நசீமா. அவரிடம் தொழில் கற்றவர் தரணிபதி. வயதில் நசீமாவைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். ஆனாலும் சந்தேகம் என்றால் நோட்டோடு நசீமாவின் மேஜை முன்னால்தான் போய் நிற்பார்.

தினமும் முந்நூறு புகார்கள் வரும். நாலு பேர் உட்கார்ந்து படித்துப் பிரித்து அனுப்புவார்கள். தரணிபதி அதைத் தானாக நடக்கும்படி மாற்றினார். படிவத்தில் 'என்ன கோளாறு' என்று ஒரு கட்டம். அதில் 'ஆன் ஆகவில்லை' என்று தேர்ந்தெடுத்தால் அன்றைக்கே மெக்கானிக் போவார். 'சத்தம்' என்றால், வெறும் இரைச்சல்தானே என்று, நான்கு நாட்களுக்குள்.

உறையூரில் செங்கமலம் என்ற பெண், அப்பாவின் மெஷினுக்காக அந்தப் படிவத்தை நிரப்பினாள். 'சத்தம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். கீழே எழுதியிருந்தாள்: "லைட் எரியுது, ஆனா சத்தமே வரலை. கையில இருக்கிற சிலிண்டர் நாளைக்கு வரைக்கும்தான் தாங்கும்."

நான்காம் நாள் மெக்கானிக் போனார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

அலுவலகத் திரையில் அந்தப் புகார் 'நேரத்துக்குள் முடிந்தது' என்று பச்சையாக இருந்தது.

மெக்கானிக் வந்து சொன்ன பிறகுதான் தரணிபதி அந்தப் புகாரைப் படித்தார். நோட்டோடு நசீமாவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், தப்பு எந்த விதியில இருக்கு? சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

நசீமா கைப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, அந்த வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

ஆட்டோவில் தரணிபதி சொன்னார்: "'சத்தமே இல்லை'ன்னு ஒண்ணு சேர்த்திருக்கணும்."

"சேருங்க."

"சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்னு ஒரு கட்டம் வைக்கணும்."

"அதையும் வைங்க."

உறையூரில் அந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது.

செங்கமலம் மெஷினைத் துடைத்து, குழாயைச் சுருட்டி, கதவோரம் வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"இல்லம்மா. உங்களைப் பார்க்கத்தான்," என்றார் நசீமா.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆள் ஒதுக்கியாச்சுன்னு உடனே மெசேஜ் வந்துச்சு. அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், பாதி வழி தாண்டலை." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "நான் எழுதினதை அங்க யாராவது படிச்சீங்களா?"

தரணிபதி முந்திக்கொண்டு சொன்னார்: "அது வந்தும்மா, கம்ப்யூட்டரே தானா..."

"நான் படிச்சேன்," என்றார் நசீமா.

தரணிபதி திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின மறுநாள் காலையில பத்தரை மணிக்குப் படிச்சேன். 'சத்தம்'ங்கிற வரிசையில இருந்துச்சு. ஆள் போட்டாச்சுன்னு பச்சை காட்டுச்சு. பார்த்துக்குவாங்கன்னு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"படிச்சீங்களா? படிச்சுட்டுமா விட்டீங்க?"

அவள் குரல் தெரு வரைக்கும் கேட்டது. "ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அப்பா வாசலைப் பார்த்தாரு, தெரியுமா? நீங்கல்லாம் மனுஷங்களா?" சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நசீமா தலை குனிந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "போங்க."

இருவரும் தெருமுனைக்கு நடந்து வந்தார்கள். பிறகு தரணிபதி கேட்டார்:

"நீங்க படிச்சது யாருக்குமே தெரியாது, மேடம். கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களே?"

"நம்பியிருப்பாங்க," என்றார் நசீமா. "அப்புறம் அந்தப் பொண்ணு யாரைத் திட்டி அழும், சார்?"