ஐந்தாம் மாடி மீட்டர்

திருநெல்வேலியில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. மாடிக்கு ஒன்றாக இருந்த ஏழு மின்மீட்டர்களையும் தினமும் பார்த்து நோட்டில் எழுதுவது வயர்மேன் மூக்கையாவின் வேலை. அந்த மீட்டர்களைக் கணினியோடு இணைக்க ரகோத்தமன் என்ற நிபுணர் வந்தார். நான்கே நாளில் நோட்டும் கணினியும் முட்டிக்கொண்டன.

"முதலாளி, உங்க ஆள் மனசுக்குத் தோணினதை எழுதியிருக்கார். நோட்டு சரின்னு இப்பவே நிரூபிக்கட்டும், இல்லேன்னா வேலையை விட்டுப் போகட்டும்" என்றார் ரகோத்தமன்.

மூக்கையா பணிவாகக் கேட்டார்: "சார், அஞ்சாம் மாடியில இப்ப எவ்வளவு ஓடுது?"

"பதினெட்டு கிலோவாட். கணினி விநாடிக்கு விநாடி மீட்டரையே கேட்டுச் சொல்லுதுய்யா!"

மூக்கையா பைக்குள் கைவிட்டு ஒரு மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். "அஞ்சாம் மாடி மீட்டர் இதுதான் சார். எழுத்து மங்கிடுச்சுன்னு காலையிலேயே கழட்டிட்டேன். உங்க கணினி யாரைக் கேட்டுச்சு?"

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார். ஏழு மாடிக்கும் பதினெட்டு என்றே இருந்தது. கணினி அடையாளம் காண ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எண் கொடுக்க வேண்டிய ரகோத்தமன், எல்லாவற்றுக்கும் முதல் மாடி மீட்டரின் எண்ணையே கொடுத்திருந்தார்.

"சின்ன விஷயம்தான், சரிபண்ணிடறேன்" என்று அவர் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார்.

"மூக்கையா, நீரு போய் வேலையைப் பாரும்வே" என்ற முதலாளி ரகோத்தமன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படியிலேயே ஏறுங்க. மாடி எத்தனைன்னு எண்ணிப் பார்த்த மாதிரியும் இருக்கும்."