நம்பகமான மூலம்

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில், மளிகைக் கடை மாடியில், ஊருக்கெல்லாம் கல்யாணம் முடித்து வைத்துவிட்டுத் தான் மட்டும் கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்தார் பூவராகன். அவருடைய வரன் தகவல் மையத்தில் வேலைக்கு இரண்டு பேர்: சிங்காரவேலு என்ற வாலிபன், தையல்நாயகி என்ற மூத்த அம்மாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்கு அதுவும் லீவு.

அன்றைக்குத்தான் பூவராகனுக்கே பெண் கொடுக்க ஆள் வருகிறது. கானூர் கலியபெருமாள் மத்தியானம் வருவார். ஜாதகத்தைக் காகிதத்தில் கொடுத்தால், பிடித்திருந்தால் அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். தலையில் மிச்சமிருந்த முடியைப் பூவராகன் காலையிலிருந்து வாரிக்கொண்டே இருந்தார்.

கம்ப்யூட்டரைத் திறந்தால், பிரவுசர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஜாதகம் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெறும் கட்டங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததைத் தமிழாகக் காட்டும் நீட்டிப்பு, அதாவது எக்ஸ்டென்ஷன், ஒன்றை அதில் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் காணோம். ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. தையல்நாயகி உரக்கப் படித்தாள்:

"உங்கள் பாதுகாப்புக்காக நீட்டிப்பு முடக்கப்பட்டது. இது நம்பகமான மூலத்திலிருந்து வந்ததல்ல. உதவிக்கு உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."

பூவராகன் சீப்பை மேஜைமேல் எறிந்தார். "கம்ப்யூட்டர் என்னுது, கரண்டு பில்லு நான் கட்டறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இவன் எப்படி முடக்கலாம்? இவன்கிட்ட நான் பாதுகாப்பு கேட்டனா?"

நியாயமான கேள்விதான்.

"முடங்கிக் கெடந்தா நீட்டிவிட்டாச் சரியாப் போச்சுண்ணே," என்று சிங்காரவேலு மேஜைக்கு அடியில் குனிந்தான். கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன் ஒயர் அங்கே சுருண்டு கிடந்தது. அதை மாடிப்படி வரைக்கும் இழுத்து நீட்டினான். பிளக் பிடுங்கிக்கொண்டது, கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி செருகிப் பார்த்தால் அறிவிப்பு அப்படியே இருந்தது.

"மூலம்னு போட்டிருக்கே, அதைக் கவனிங்க," என்றாள் தையல்நாயகி. "நீட்டிப்பு மூல நட்சத்திரத்துல பொறக்கலையாம். அதான் தள்ளி வெச்சுட்டான்."

"மூலம்னாத்தானே வழக்கமா வேணாம்பாங்க?" என்றார் பூவராகன்.

"இவன் வெளிநாட்டுக்காரன்ணே, அவங்க ஊர்ல எல்லாம் தலைகீழா இருக்கும்," என்றான் சிங்காரவேலு. "எங்க மாமாவுக்கு மூலம் இருக்கு. கூட்டியாரட்டா?"

"நட்சத்திரமா?"

"வியாதிண்ணே."

"நம்பகமானதா?"

சிங்காரவேலு நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "மூலம் நம்பகமானதுதான், மாசம் தவறாம வருது. மாமாவைத்தான் நம்ப முடியாது."

மாமா கைவிடப்பட்டார்.

மிச்சமிருந்தது நிர்வாகி. வாசல் போர்டில் நிர்வாகி பூவராகன் என்று பெயரும் செல் நம்பரும் போட்டிருந்தது. பூவராகன் தன் செல்போனை எடுத்து அந்த நம்பருக்கே அடித்தார்.

"என்ன சொல்றாரு, தம்பி?" என்றாள் தையல்நாயகி.

"வேற யாருகிட்டயோ பேசிட்டிருக்காராம்," என்றார் பூவராகன், முகம் தொங்கிப்போய். "பெரிய மனுசங்கன்னா இப்படித்தான். நாம அடிக்கிற நேரம் பாத்துத்தான் பேசுவாங்க."

அதற்குள் கலியபெருமாள் படியேறி வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பூவராகன் அந்தக் கட்டங்களையே பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தார். கல்யாணம் போச்சு என்று, வாரி வைத்த முடியைத் தானே கலைத்துவிட்டார்.

கலியபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எத்தனையோ ஜாதகம் பாத்துட்டேன் மாப்ள. ஒண்ணுல செவ்வாய் உக்காந்திருப்பான், ஒண்ணுல சனி உக்காந்திருப்பான். உங்களுக்கு இவ்வளவு கட்டம் இருக்கு, ஒண்ணுலயும் ஒருத்தனும் இல்லையே! அத்தனையும் சுத்தம்!"

அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணப் பத்திரிகையையும் அதே கம்ப்யூட்டரில்தான் அடித்தார்கள்; அதிலும் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான். ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. என்றைக்குக் கல்யாணம், எந்த மண்டபம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பத்திரிகை வந்த பிறகு தேதி கேட்டால் மரியாதையாக இருக்காது என்று யாரும் கேட்கவும் இல்லை. தேதியைக் குறித்து வைத்திருந்ததும் அந்தப் பத்திரிகையில் மட்டும்தான் என்பதால் பூவராகனுக்கும் தெரியவில்லை. ஆகவே அவர் தினமும் காலையில் குளித்து, பட்டுவேட்டி கட்டி, மாலையும் கழுத்துமாக மாடியில் உட்கார்ந்திருக்கிறார். கானூரில் பெண்வீட்டார் எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் பாயசம் வைக்கிறார்களாம்.