கார் ‘கீக்’ என்று கத்த ஆரம்பித்த கதை

அந்தக் காலத்தில் கார்கள் பேசின. ஹாரன் அடிப்பதைச் சொல்லவில்லை. நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசின. நம்பாவிட்டால் போங்கள், ஆனால் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பேசுவதற்கென்று அவற்றுக்கு ஒரு நேரம் இருந்தது. சொந்தக்காரர் இறங்கி, சாவியில் இருக்கும் பொத்தானை அமுக்கியதும், கார் வாயைத் திறக்கும். “நாலு கதவும் பூட்டியாச்சு அண்ணாச்சி. டிக்கியில பலாப்பழம் கிடக்கு. உள்ள ஆள் யாரும் இல்ல. போயிட்டு வாங்க.” பூட்டினவர் அதற்குள் நாலு எட்டு நடந்திருப்பார் என்பதால் கொஞ்சம் உரக்கவே சொல்லும். அவரும் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார். யாரும் காரை எட்டிப் பார்க்கிற வழக்கமே அப்போது இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் சொல்கிறதே.

தூத்துக்குடிப் பக்கம் ஞானதிரவியம் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சந்தேகம் பிடித்தவர். டீயை ஆற்றும்போதுகூட டம்ளரில் குறைகிறதா என்று பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று தன் வெள்ளைக் காரின் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காதபடி வேறு செய்து வைத்திருந்தார். ஏன் என்று மனைவி ரோஸ்லின் கேட்டதற்கு, “இருக்கட்டும், நல்லதுதான்” என்றார்.

ஒருநாள் அவர் டிக்கியில் வைத்த பலாப்பழத்தைக் காணோம்.

“எங்கல போச்சு?” என்று காரிடம் கேட்டார்.

“அக்காதான் எடுத்தாங்க. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாங்க” என்றது கார்.

அது உண்மைதான். ரோஸ்லினிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். இவர் கேட்கவில்லை. கார் ஏன் இவ்வளவு சட்டென்று பதில் சொன்னது என்றுதான் யோசித்தார். பிறகு, டிக்கியில் என்ன இருக்கிறது என்று தினமும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அது ஏன் சொல்ல வேண்டும் என்று யோசித்தார். பக்கத்தில் நிற்கும் நீலக் காருக்கும் இதற்கும் ஏதோ பேச்சு இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் காரை பீர்முகமதுவின் எலெக்ட்ரிக் கடைக்கு ஓட்டிப் போனார்.

“பாய், இது வாயை அடைக்கணும்.”

“முழுசா அடைச்சா பூட்டுனது உங்களுக்கே தெரியாது அண்ணாச்சி. வேணும்னா சத்தத்தை மாத்தித் தாரேன். வாத்து இருக்கு, குயில் இருக்கு, பச்சப்புள்ள அழுவுற சத்தம்கூட இருக்கு.”

“அதெல்லாம் வேண்டாம். ரகசியம் ஏத்த முடியாத சத்தமா ஒண்ணு குடும்.”

பீர்முகமது தேடித் தேடி ஒன்றைப் போட்டுக் காட்டினார். ‘கீக்.’ அவ்வளவுதான். ஞானதிரவியத்துக்குப் பிடித்துப் போயிற்று.

பீர்முகமது தயங்கினார். “அண்ணாச்சி, பேச்சு வயரை அறுத்தா அறுத்ததுதான். திரும்ப ஒட்ட எனக்குத் தெரியாது.”

அப்போது கார் பேசியது. “எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ‘உள்ள ஆள் இருக்கு’ங்கிற ஒண்ண மட்டும் விட்டுருங்க.”

“அது ஒனக்கு எதுக்கு? யாரைப் பத்தி யாருகிட்ட சொல்லப் போற?” என்றார் ஞானதிரவியம். சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. “அறும் பாய்.”

பீர்முகமது அறுத்தார்.

சந்தேகம் ஒரு வீட்டோடு நிற்குமா? ஞானதிரவியமே காரின் வாயை அடைத்துவிட்டார் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. நீலக் கார்க்காரர் அடுத்த நாளே போய்விட்டார். பிறகு கடை வாசலில் வரிசை. கொஞ்ச நாளில் ஊரில் பேசுகிற கார் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் கீக், கீக்.

அதன்பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. நல்ல வெயில் காலம். ஞானதிரவியம் பரிசுப் பெட்டியைத் தன் கண் பார்வையில் இருக்கட்டும் என்று முன்சீட்டில் வைத்தார். ரோஸ்லினும் அவள் தங்கைமாரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். ரோஸ்லினுக்கு விடியற்காலையிலிருந்தே தலைவலி. மாத்திரை போட்டிருந்தாள். மண்டப வாசலில் நின்றவர்கள் வெளியேயிருந்து கதவைத் திறந்துவிட, தங்கைமார் இறங்கினார்கள். “நீங்க போங்க, நான் அவரோட வாரேன்” என்று சொல்லிவிட்டு, ரோஸ்லின் காலி சீட்டில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்நேரம் ஞானதிரவியம் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பரிசுப் பெட்டியையே பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

மரம் இல்லாத மைதானத்தில் காரை நிறுத்தி, பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் பொத்தானை அமுக்கினார்.

‘கீக்’ என்றது கார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். இத்தனை வருஷப் பழக்கம். உள்ளே யாராவது இருந்தால் கார் சொல்லியிருக்குமே.

கார் துடித்தது. கீக் கீக் என்றது. அவர் திரும்பவில்லை. வேறு வழி தெரியாமல் முன் விளக்கையும் பின் விளக்கையும் சிமிட்டியது. அதற்கு முன் எந்தக் காரும் விளக்கால் பேசினதில்லை. பக்கத்துக் கார் அதைப் பார்த்தது. அதற்கும் வார்த்தை இல்லை, அதுவும் கீக் என்று கத்தி விளக்கைச் சிமிட்டியது. அப்புறம் அதே கல்யாணத்துக்கு வந்திருந்த நீலக் கார். அப்புறம் வரிசை முழுக்க. மைதானமே அலறியது.

ஞானதிரவியம் மண்டபப் படியில் கால் வைத்தவர் நின்றார்.

‘பாத்தியா, கூடிப் பேசுதுங்க. கதவைத் திறந்து போட்டுட்டு, பூட்டுனதா என்னை ஏமாத்துது’ என்று நினைத்தார்.

விறுவிறுவென்று திரும்பி வந்தார். பின்கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பூட்டித்தான் இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. கறுப்புக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கண்ணுக்கு இருபுறமும் கையால் மறைத்து உள்ளே பார்த்தார்.

ரோஸ்லின் சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் சிவந்து, வாய் திறந்து, மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் திறக்காத கதவை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

பரிசுப் பெட்டி கீழே விழுந்ததை அவர் பார்க்கவில்லை. கதவைத் திறந்து அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். அவர் சந்தேகப்பட்ட அந்தக் காவலாளிதான் தண்ணீரோடு ஓடி வந்தான். ரோஸ்லின் கண் திறக்கும்வரை ஞானதிரவியம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். கண் திறந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“கார் சொல்லலையா?”

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். அது இன்னும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காரோடு பீர்முகமதுவிடம் போய் நின்றார். “அந்த ஒரு வார்த்தைய மட்டும் திருப்பிக் குடும் பாய்.” பீர்முகமது வாத்தைப் போட்டுப் பார்த்தார், குயிலைப் போட்டார், அழுகிற பிள்ளையைப் போட்டார். சத்தம் மாறியது. பேச்சு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் கார் விளக்கை மட்டும் சிமிட்டியது.

அன்று முதல்தான் பூட்டினால் கார் கீக் என்று கத்தி விளக்கைச் சிமிட்டுகிறது. அந்தச் சத்தம் போதாமல் சிலர் கடை கடையாய்ப் போய் அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எதை மாற்றினாலும், நாலு எட்டு நடந்தவர் ஏனோ திரும்பி வந்து, கைப்பிடியை இழுத்துவிட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.