கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர்

"நான் வச்ச பேரை வேற ஒருத்தன் வச்சுட்டான், அம்மா" என்றார் குழந்தைவேல்.

அபரஞ்சி அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிறுமலை அடிவாரத்தில் அவருடைய ஆசிரமம் இரண்டு ஓட்டு வீடுகளும் ஒரு கிணறும்தான். அம்மாள் குழந்தைவேலைவிட வயதில் இளையவர். இருந்தாலும் குழந்தைவேலுக்கு அவர்தான் குரு.

"எதுக்கு வச்ச பேர்?"

"நான் செஞ்ச கம்ப்யூட்டருக்கு."

அது 1983. கம்ப்யூட்டர் என்றால் ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் என்று ஊர் நினைத்திருந்த காலம். கோவையில் ஒரு மோட்டார் பட்டறையின் பின்கட்டில் குழந்தைவேலும் கூட்டாளி பஷீரும் மேசைமேல் அடங்குகிற மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களைச் செய்து முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை கண்காட்சி. போர்டு எழுத வந்த பெயிண்டர் காத்திருக்கிறார். இன்று காலைப் பேப்பரைப் பிரித்தால், பம்பாய்க் கம்பெனி ஒன்று அதே பெயரில் ஒரு கம்ப்யூட்டரை விளம்பரம் செய்திருக்கிறது.

"வேற பேர் வைங்க."

"மைக்ரோன்னா யாருக்கும் புரியல. வீட்டுக் கம்ப்யூட்டர்னா கடைக்காரங்க வாங்க மாட்டாங்க. குட்டிக் கம்ப்யூட்டர்னா பொம்மைன்னு சிரிக்கறாங்க. பேர் இல்லாமலே இது போயிடும் போலிருக்கு."

"இப்ப எங்க இருக்கு?"

"கார்ல."

"எடுத்துட்டு வாங்க."

பெட்டியையும் ஒரு சின்ன டிவியையும் தூக்கி வந்து மேசைமேல் வைத்து, ஒயரை மாட்டினார். அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

துறவுக்கு முன் அவர் சென்னையில் கணிதம் ஆராய்ந்தவர். கம்ப்யூட்டர் இருந்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று, தன் கணக்கைப் பதிந்து துளையிட்ட அட்டைகளை ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் பதில் தாள் வரும். ஒரு காற்புள்ளி தப்பு என்று இருக்கும். மறுபடி வரிசை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இயந்திரத்தை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

மெல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"தப்புங்குது."

"திருத்துங்க அம்மா."

திருத்தினார். இன்னொரு தப்பு. அதையும் திருத்தினார். பிறகு சட்டென்று முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"எனக்கு அடுத்து யாரு?"

"யாரும் இல்லம்மா."

"எவ்வளவு நேரம் தருவீங்க?"

"உங்களுக்கு வேணுங்கற வரைக்கும்."

அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. குழந்தைவேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்தார். அதுவும் முடிந்தது.

"அம்மா, பேரு?"

"என்ன பேரு?"

"இதுக்கு. என்னன்னு பேர் வைக்கறது?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மாள் சொன்னார்: "பேர் கூப்பிடறதுக்குத்தானே. பக்கத்துலயே இருக்கறதை யார் கூப்பிடப் போறாங்க?"

குழந்தைவேல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் பஷீருக்கு டிரங்க்கால் போட்டார்.

"பேர் கிடைச்சுதா அண்ணே? பெயிண்டர் கிளம்பறேங்கறார்."

"போகச் சொல்லு. பேர் வேண்டாம்."

"அப்ப ஸ்டால்ல போர்டுக்குப் பதிலா என்ன வைக்கறது?"

"பட்டறையில இருக்கற இன்னொரு மெஷினை வை. அதுக்கு முன்னால ஒரு நாற்காலி போடு."

"வர்ற கூட்டத்துக்கு ஒரு நாற்காலி எப்படிப் பத்தும்?"

"ஒண்ணுதான் பஷீர். உட்கார்ந்தவங்களை எழுப்பாத."