மிச்சம் வைத்து எழும் நாரை

அந்தக் காலத்தில், பறவைகள் மனுசரைப் போலப் பேசிக்கொண்டிருந்தபோது, நத்தைகுத்தி நாரைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இறங்கிய ஏரியில் கடைசி நத்தையையும் எடுத்த பிறகுதான் இடம் மாற வேண்டும். மிச்சம் வைத்துப் பறந்தவளைச் சோம்பேறி என்று மரத்துக்கு மரம் பேசுவார்கள்.

வெண்ணி என்ற நாரை ஒருநாளும் அந்தப் பேச்சுக்கு ஆளானதில்லை. ஏரி நடுவே கருவேல மரத்தில் அவளுக்கு ஒரே குஞ்சு, இன்னும் இறகு முளைக்காதது. கோடை வெயில் பட்டால் தாங்காது. அதனால் அவளும் கணவன் சாம்பலனும் முறை போட்டு, ஒருவர் சிறகை விரித்துக் கூட்டுக்கு நிழல் தர, மற்றவர் இரை தேடினார்கள்.

தண்ணீர் வற்றிச் சேறு இறுகிக்கொண்டிருந்தது. அன்று சேற்றில் இறங்கியது வெண்ணி. காலையில் குத்திய இடமெல்லாம் நத்தை. வெயில் உச்சிக்கு வந்தபோது ஒன்றைத் தோண்டி எடுப்பதற்குள் கழுத்து வலித்தது.

கூட்டிலிருந்து சாம்பலன் கத்தினான்.

"ஏ புள்ள, போதும், மேல வா! மேற்கே சின்ன ஏரியில இன்னும் தண்ணி நிக்குது, தொட்டா நத்தை. நீ நிழலுக்கு நில்லு, நான் போயி அள்ளிட்டு வரேன்."

"இங்க இன்னும் கிடக்குய்யா. விட்டுட்டு எந்திரிச்சா பக்கத்து மரத்துக்காரி சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. வெட்கத்துல கொட்டிப்போக நமக்கென்ன பல்லா இருக்கு?"

"சரி சரி, இந்த ஒண்ணுதான். நீ கிளம்பு, வந்துட்டேன்."

அவள் சொல்லை நம்பி அவன் பறந்தான்.

அந்த ஒன்று கிடைத்தது. பக்கத்தில் இன்னொன்று அலகு நுனியில் தட்டுப்பட்டு நழுவியது. விடுவாளா? குத்தினாள், தோண்டினாள், மறுபடி குத்தினாள். ஒருவழியாகப் பெரிய நத்தையைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தாள். காலடியில் இருந்த அவள் நிழல் எட்டிப்போய்ச் சாய்ந்து கிடந்தது.

கூட்டில் குஞ்சு வாயைத் திறந்தபடி கிடந்தது. காலால் தொட்டாள். சுட்டது. அசையவில்லை. அதன் வயிறு புடைத்திருந்தது, பசியில் உயிர் போகவில்லை, வெயிலில் போயிருந்தது.

தொண்டை நிறைய நத்தையோடு சாம்பலன் வந்து இறங்கினான்.

"தூங்குறானா?" என்றான்.

நத்தை இன்னும் அவள் அலகுக்கு நடுவில் இருந்தது. விழுங்கவும் தோன்றவில்லை, போடவும் தோன்றவில்லை. கடித்தாள். கடித்துக்கொண்டே நின்றாள். ஓடு உடையவில்லை. அலகுதான் நடுவில் வளைந்து விலகியது.

அந்த மத்தியானத்திலிருந்துதான் நத்தைகுத்தி நாரைக்கு அலகு நடுவில் மூடுவதில்லை. குத்தியதும் இரை சிக்காமல் நேரம் இழுக்க ஆரம்பித்தாலே போதும், சேற்றில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து பறந்துவிடுகிறது.