பேரில்லாத ரெக்கார்டு

“டீச்சர், இதைச் செஞ்சது யாரு?”

தணிகைவேலு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்ததும் வராததுமாக வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

பிலோமினா டீச்சர் ரெக்கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புத் தட்டு, நடுவில் வெள்ளைத் தாள். தாளில் ஒரு எழுத்து கிடையாது.

“இதுவா அது?”

“அதேதான். கடைசியா என் கைக்கு வந்துட்டுது.”

எல்லோரும் ‘அது’ என்றுதான் சொல்வார்கள். வேறெப்படிச் சொல்வது? அதற்குத்தான் பேரே இல்லையே.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இளவட்டங்கள் மூடிக் கிடந்த கிடங்குகளுக்குள் புகுந்து விடிய விடிய ஆடினார்கள். ரேவ் என்று அதற்குப் பெயர். அந்த ஆட்டத்துக்கென்று மெஷின்களை வைத்துச் செய்த இசை இது. யாரோ கொஞ்சம் பிரதிகள் போட்டுவிட்டு, பேர் போடாமல், ஆளும் காணாமல் போய்விட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சேகரிப்பாளர்களுக்குப் பைத்தியம். செய்தது ஒரு ரொட்டிக் கடைக்காரர் என்றது ஒரு கூட்டம். ஜெயிலிலிருந்து தப்பியவன் என்றது இன்னொரு கூட்டம். ஆளே கிடையாது, மெஷின் தானாக வாசித்துக்கொண்டது என்று சொன்ன புண்ணியவானும் உண்டு. இதில் சண்டை போட்டுக்கொண்ட சிநேகிதர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிலோமினா டீச்சருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் எந்த ரெக்கார்டைக் கொண்டுவந்தாலும் போட்டுக் கேட்பார். கூட இருந்து கேட்கத் தலை நரைத்தவர்கள்கூட வந்து உட்காருவார்கள். என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. ஆனாலும் அவர்தான் டீச்சர்.

“உள்ள வாங்கண்ணே. பேர்தான வேணும்?”

“ஆமா டீச்சர். பேரு மட்டும் போதும்.”

“எத்திராஜு.”

“எந்த எத்திராஜு?”

“ஏதோ ஒரு எத்திராஜு. பேரு மட்டும் போதும்னீங்க. கொடுத்துட்டேன். போயிட்டு வாங்க.”

தணிகைவேலுவுக்குச் சுருக்கென்றது. கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். ரெக்கார்டை உறைக்குள் போட்டார், உறையைப் பைக்குள் போட்டார், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எத்திராஜு அவரைப் படுத்தி எடுத்தான். பல் தேய்த்தால் எத்திராஜு, சோற்றைப் பிசைந்தால் எத்திராஜு. நிஜமாகவே ஒரு எத்திராஜு எதிரில் வந்து, நான்தான் ஐயா அதைச் செய்தது என்று நின்றால் அவனை என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க, அவனிடம் பேரைக் கேட்கவே தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

“பேரு போதாது டீச்சர்.”

“உக்காருங்க.”

“உலகமே தேடுறத நான் கண்டுபிடிச்சேன்னு காட்டத்தான் அலையறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

டீச்சரும் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“ரோட்டர்டாம்ல கப்பல் நின்னிருந்துது. ஊர்லேர்ந்து போன் வந்துது. பிரசவத்துல என் பொண்டாட்டியும் போயிட்டா, புள்ளையும் போயிட்டுது. காரியமெல்லாம்கூட முடிஞ்சுபோச்சுன்னாங்க. போனை வச்சிட்டுத் துறைமுகத்தோரமா நடந்தேன். கப்பலுக்குத் திரும்புறதா இல்ல.”

“எங்க போறதா இருந்தீங்க?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“தண்ணி பக்கத்துலதான் இருந்துது, டீச்சர்.”

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

“அப்ப ஒரு கிடங்குலேர்ந்து சத்தம். இந்தச் சத்தம்தான். என்னடா இதுன்னு உள்ள போனேன். நீ யாரு, ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. ஒரு பொண்ணு தண்ணி பாட்டிலை நீட்டிச்சு. எனக்கு ஆடவே தெரியாது. அழுதுக்கிட்டே ஆடினேன். விடிஞ்சுது. கப்பலுக்குப் போயிட்டேன்.”

“ம்.”

“எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான் டீச்சர். ரெண்டாவதா கட்டின செல்வமணி, எங்க பொண்ணு, பேத்தி, நேத்து சாப்பிட்ட வஞ்சிரம் மீன் வரைக்கும். அதுக்கு ஒரு நன்றி சொல்லணும். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. இத்தனை வருஷமா அது தொண்டையிலேயே நிக்குது.”

டீச்சர் கையை நீட்டினார். தணிகைவேலு ரெக்கார்டைக் கொடுத்தார்.

“இத நீங்க போட்டுக் கேட்டிருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவை. தேஞ்சிடும்னு பயம்.”

டீச்சர் அதைச் சுற்றவிட்டு ஊசியை வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தாள அடி விழ ஆரம்பித்தது. தணிகைவேலுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிடங்கின் ஈர வாசனைகூடத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர் கண்ணை மூடி, வழக்கமில்லாத வழக்கமாகத் தலையை ஆட்டிக் கேட்டார். நன்றாக இருந்தது. உயிரோடிருந்து இதை இன்னொரு முறை கேட்பதே பெரிய கொடுப்பினை என்று நினைத்துக்கொண்டார்.

இசை தேய்ந்துகொண்டே வந்து நின்றது.

சேகரிப்பாளர்களிடம் ஒரு ஆசாரம் உண்டு. பாட்டு முடிந்த மறுகணம் ஊசியைத் தூக்கிவிட வேண்டும். விட்டால் ஊசி தட்டின் கடைசி வட்டத்தில் போய் மாட்டிக்கொண்டு, யாராவது வந்து எடுக்கும்வரை அங்கேயே சுற்றும். ஊசியும் தேயும், தட்டும் தேயும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதான். அபூர்வமான ரெக்கார்டு என்றால் இன்னும் கவனம். ‘அது’ கையில் கிடைத்தவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, பாட்டு முடிந்ததும் பூவை எடுப்பதுபோல் ஊசியை எடுத்துவிடுவார்கள்.

தணிகைவேலுவும் பதறிக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் டீச்சர் எதிரில் வந்து நின்று, ஆவி பறக்கிற காப்பியை டபராவோடு அவருடைய இரண்டு கையிலும் வைத்துவிட்டார்.

“டீச்சர், ஊசி...”

“காப்பியக் குடிங்கண்ணே. ஆறிடும்.”

“கடைசி வட்டத்துக்குப் போயிடும் டீச்சர்.”

“போவட்டுமே.”

டபராவை வைக்க இடம் தேடினார். மேஜை, ஸ்டூல், ஜன்னல் கட்டை எங்கு பார்த்தாலும் ரெக்கார்டுகள். காப்பியைக் கொட்டினால் யாருடைய பொக்கிஷம் நாசமாகுமோ தெரியாது. பாவம் மனிதர், அசையாமல் நின்றார்.

ஊசி கரகரவென்று உள்ளே போயிற்று. கடைசி வட்டத்தில் மாட்டிற்று.

ஒரு குரல் கேட்டது.

பெண் குரல். ஆடி ஓய்ந்த மாதிரி களைத்திருந்தது, ஆனாலும் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. ஆங்கிலம்தான், எந்த ஊர் ஆங்கிலம் என்று சொல்ல முடியவில்லை.

‘தேங்க்ஸ் ஃபார் ஸ்டேயிங்.’

போகாமல் இருந்ததற்கு நன்றி.

வட்டம் சுற்றி வந்தது. அதே குரல் மறுபடி சொன்னது. போகாமல் இருந்ததற்கு நன்றி. மறுபடியும் சுற்றி வந்தது.

டீச்சர் மெல்ல அவர் கையிலிருந்து டபராவை வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“இப்பத்தான்ண்ணே கேக்கறேன்.”

டீச்சர் கண்ணும் கலங்கியிருந்தது.

தணிகைவேலு தட்டின் பக்கத்தில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் உதடுகள் அசைந்தன.

வெயில் தாழ்ந்தது. கீழே சைக்கிள் கடையின் ஷட்டரை இறக்கினார்கள். டீச்சர் எழுந்து வந்தார்.

“எடுத்துடட்டுமாண்ணே? தட்டு தேயுது.”

“தேயட்டும் டீச்சர். நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல.”