சேனை வைத்த விரல்

மழை பிடிச்சா விடாத ஒரு ஊர்ல ஒரு கொம்பையா இருந்தாராம். வாழைக்காய் மண்டியில தார் சுமக்கிறவர். ரெண்டு தாரை ஒத்தை ஆளாத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு 'திம் திம்'னு நடப்பாராம். ம் சொல்லு, கண்ணு. அறுபது வயசாகியும் ஒரு தும்மல் கிடையாது, ஒரு தலைவலி கிடையாது.

அதனால அந்த ஊர்ல யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவரைத்தான் சேனை வைக்கக் கூப்பிடுவாங்க. சேனைன்னா, சீனித்தண்ணியில விரலைத் தொட்டுப் பிறந்த பிள்ளை நாக்குல தடவுறது. தடவுறவங்க திடம் பிள்ளைக்கு வந்துரும்னு ஒரு நம்பிக்கை.

அப்போ அவரோட ஒரே மக பூரணம் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தா. கொம்பையா மண்டி முழுக்கச் சொல்லிட்டார். "என் பேரப்பிள்ளைக்கு நான்தாம்டே சேனை வைப்பேன். தொட்டில்ல கிடந்தே தார் தூக்கும் பாரு!"

அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. கூடவே ஃப்ளூ காய்ச்சலும் வந்துச்சு. வீட்டுக்கு வீடு 'கொக் கொக்'னு இருமல். எஸ்தரம்மான்னு ஒரு நர்ஸ், ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சேத்துல 'சளக் சளக்'னு நடந்து மண்டிக்கு வந்தாங்க.

"அண்ணாச்சி, ஃப்ளூ தடுப்பூசி. கையைக் காட்டுங்க. வீட்டுக்குப் பச்சைப்பிள்ளை வரப்போகுது. ஆறு மாசம் ஆகிறவரைக்கும் அதுக்கு இந்த ஊசி போட முடியாது. சுத்தி இருக்கிற நீங்க போட்டுக்கிட்டாத்தான் அதுக்குக் காவல்."

"ஏம்மா, ஊசி வளைஞ்சிரும். பிறகு என்னைத் திட்டக் கூடாது!"

மண்டியே சிரிச்சுது.

அப்புறம் ரெண்டாவது தடவை வீட்டுக்கே வந்தாங்க. "பூரணம், நீயாவது போட்டுக்கோ தாயி. உனக்குப் போட்டா வயித்துப் பிள்ளைக்கும் சேரும்."

பூரணம் கையை நீட்டிட்டா. கொம்பையா குறுக்க வந்து நின்னார். "பிள்ளைத்தாச்சியைக் குத்துறதா? அவ உடம்புல ஓடுறது என் ரத்தம்மா."

பூரணம் அப்பா முகத்தைப் பார்த்தா. கையைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா.

முழிச்சிருக்கியா? ம்.

கார்த்திகையில பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே சேனை. பிள்ளைக்கு எடை பார்க்க வந்த எஸ்தரம்மா, வாசல்லயே கொம்பையாவை மறிச்சாங்க. இது மூணாவது தடவை.

"அண்ணாச்சி, குரல் கரகரங்குது. ஒரு வாரம் தள்ளி இருங்க. சேனையும் வேண்டாம், தாய்ப்பால் போதும்."

"இது மழையில நனைஞ்ச கனைப்பும்மா. அறுபது வருஷமாத் தொடாத காய்ச்சல் இன்னைக்கா தொடும்?"

அவங்களைத் தாண்டி உள்ள போய், பிள்ளைகிட்டக் குனிஞ்சார். ஆள்காட்டி விரலைச் சீனித்தண்ணியில முக்கி நாக்குல வச்சார். பிள்ளை 'சப் சப்'னு சப்புச்சு. குனிஞ்ச வாக்குல, அது முகத்துக்கு நேரா, 'கொக்... கொக்.'

மறுநாள் கொம்பையா படுத்தார். கட்டில் 'கிடுகிடு'ன்னு ஆடுச்சு. ரெண்டு தார் தூக்கினவருக்கு ஒரு செம்புத் தண்ணியைத் தூக்க முடியலை. சரி, அவர் எந்திரிச்சிருவார். நாலாம் நாள் பிள்ளை பால் குடிக்கலை. நெஞ்சு குழிஞ்சு குழிஞ்சு 'கர்ர்... கர்ர்'னு மூச்சு. பூரணம் ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினா. ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு வைத்தியம் பார்த்தாங்க. மூணு நாள் அந்த மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேட்கலை.

"பாப்பாக்கு என்ன பேரு?"

பேர் வைக்கலை கண்ணு. அதுக்கு இன்னும் நாள் இருக்குன்னு நினைச்சாங்க.

பூரணம் அப்பாவை ஒரு வார்த்தை திட்டலை. புருஷன் ஊருக்குப் போயிட்டா. போன்ல கூடப் பேசலை.

அடுத்த மழைக்கு எஸ்தரம்மா மண்டிக்கு வந்தப்போ முதல் ஆளா நின்னது கொம்பையா. யாரும் சிரிக்கலை. அந்தக் காய்ச்சல் வருஷா வருஷம் வேற சட்டை போட்டுக்கிட்டு வருமாம், அதனால ஊசியும் வருஷா வருஷம் போடணுமாம். போட்டார். சேனை வைக்க மட்டும் யார் கூப்பிட்டாலும் போகலை.

மூணாவது வருஷம் பூரணத்துக்கு மறுபடி பிள்ளை. இந்தத் தடவை மாசமா இருக்கும்போதே அவளாப் போய் ஊசி போட்டுக்கிட்டா. பேரன் பிறந்த சேதி கேட்டுக் கொம்பையா பஸ் ஏறினார். வழியில 'அச்'னு ஒரு தும்மல். ஊசி போட்ட ஆள்தான். ஆனாலும் வாசப்படி ஏறலை. எதிர்த்த டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்துட்டார். ஒரு வாரம், தினமும் காலையில வருவார். உள்ள 'ங்கா'ன்னு சத்தம் கேட்கும். கேட்டுட்டுப் போயிருவார்.

எட்டாம் நாள் பூரணம் வாசலுக்கு வந்தா. "அப்பா, உள்ள வாங்க."

சோப்பு போட்டு ரெண்டு தடவை கையைக் கழுவினார். பேரனை மடியில வாங்கினார். ஆள்காட்டி விரலை மட்டும் உள்ளங்கைக்குள்ள மடக்கி வச்சிருந்தார். பிள்ளை அதைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்தானாம். விரல் விரியவே இல்லை.

அவ்வளவுதான், கதை வந்த வழியே போயிருச்சு. தம்பி தொட்டில்ல தூங்குறான். நாளைக்குக் காலையில உனக்கும் எனக்கும் ஊசி. கண்ணை மூடு.